கரிசல் மண், உப்புத் தண்ணீர்: அழகுக்கு வைக்க எந்தப் புல் தாங்கும்?

கரிசல்வீடு கேட்டது:

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் வீடு. முன்பக்கம் 3 சென்ட் காலி இடம், முழுக்கக் கரிசல். போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,800. நாள் முழுக்க வெயில். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று சொல்லவே வேண்டாம். இப்போது இருக்கும் கொரியன் புல்தரை திட்டுத் திட்டாகக் காய்ந்துவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக் கட்டுபடியாகாது.

அதை எடுத்துவிட்டு, குத்துக் குத்தாக வளர்ந்து கதிர் விடும் அலங்காரப் புல் வைக்கலாம் என்று இருக்கிறேன். நர்சரியில் பர்ப்பிள் ஃபவுண்டன், பாம்பாஸ், வெட்டிவேர் மூன்றையும் காட்டி, "வறட்சி தாங்கும், தண்ணீரே வேண்டாம்" என்கிறார்கள். இந்த மண்ணுக்கு எது சரி? எவ்வளவு இடைவெளி? மண்ணில் மணல் கலக்க வேண்டுமா? எப்போது நடுவது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேரும் மண்ணும் எழுதியது:

அண்ணாச்சி, கரிசலில் இந்தப் புல்வகைகள் சாவது பெரும்பாலும் கார்த்திகை மழையில்தான். பழி மட்டும் சித்திரை வெயில் மேல் விழும். கரிசல் களி நனைந்ததும் உப்பி, மண்ணுக்குள் காற்றுப் போகும் துளைகளை அடைத்துவிடும். நாலு நாள் அடைமழை பிடித்தால் புல்லின் தூரடி, அதாவது சிம்புகள் எல்லாம் சேர்ந்து கிளம்பும் இடம், சேற்றில் நின்று அழுகத் தொடங்கும். மார்கழியில் இது கண்ணுக்குத் தெரியாது, இலை பச்சையாகவே இருக்கும். மாசியில் வெயில் ஏறும்போது உறிஞ்ச வேர் இருக்காது, மளமளவென்று காயும். நாமும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அதனால் உங்கள் செலவையும் உழைப்பையும் முதலில் வடிகாலில் போடுங்கள்.

மணல் கலக்காதீர்கள். கொஞ்சம் மணல் போட்டால் களி அதையும் பிடித்துக்கொண்டு செங்கல் போல இறுகும். உண்மையிலேயே இளக வேண்டுமானால் மண்ணில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அதற்கு லாரி லாரியாக அடிக்க வேண்டும். ஜிப்சமும் அப்படித்தான். சோடியம் ஏறிய களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் எழுதித் தந்தால் அந்த அளவு மட்டும் போடுங்கள்.

மேட்டுப்பாத்திதான் வழி. 1.2 மீட்டர் அகலம், 30 செ.மீ. உயரம், நடு சற்றே முதுகு தூக்கி இருக்கட்டும். பாத்திகளுக்கு நடுவே ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணையே கட்டி உடைத்து மேட்டுக்குப் போடுங்கள். சரளை கலந்த செம்மண்ணை அதோடு சரிபாதி சேர்த்துக் கொத்திவிட வேண்டும். கரிசல் மேல் செம்மண்ணைத் தனிப் படலமாகக் கொட்டிவிட்டால், இரண்டும் சேரும் மட்டத்தில் தண்ணீர் தேங்கி, வேர் அதற்குக் கீழே இறங்காது. அடிமண்ணையும் ஒரு சாண் கொத்திக் கலந்த பிறகே மேட்டை ஏற்றுங்கள். தோண்டும்போது சுக்காங்கல் (சுண்ணாம்புக் கட்டி) தட்டினால் பொறுக்கி வெளியே போடுங்கள். சுண்ணாம்பு மிகுந்தால் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காது.

இனி வகைகள்.

வெட்டிவேருக்கு மேடே வேண்டாம். வறட்சி, உப்பு, நின்ற தண்ணீர் மூன்றையும் தாங்கும் புல் அது. வாய்க்கால் எல்லாம் வடியும் தாழ்ந்த ஓரத்தில் ஒரே வரிசையாக வையுங்கள். அந்த ஓரம் மேற்காக அமைந்தால் ஆடிக் காற்றுக்கும் தடுப்பாகும். தனித்தனிக் குத்தாகத் தெரிய வேண்டுமானால் 1 மீட்டர் இடைவெளி, வேலி போல அடைய வேண்டுமானால் 15 செ.மீ. ஆள் உயரம் வரை போகும். வேர் பக்கவாட்டில் அலையாமல் செங்குத்தாக 2, 3 மீட்டர் இறங்கும். நாற்றுக்காகத் தென்னாட்டில் பயிரிடும் ரகம் விதையால் பரவாது, தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். அதனால் பக்கத்து நிலத்துக்குப் போய்விடுமோ என்ற பயமும் இல்லை.

பர்ப்பிள் ஃபவுண்டன் நல்ல தேர்வு. மூன்றடி உயரம், இடைவெளி 90 செ.மீ. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் கருஞ்சிவப்பு மங்கிப் பச்சையாகிவிடும், கதிரும் சாயும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிவப்பு இலை ரகம் பெரும்பாலும் முளைக்கும் விதை வைக்காது. பச்சை இலை ஃபவுண்டன் புல்லோ கண்டபடி விதை தூவும், காற்றில் பறந்து தரிசெல்லாம் ஏறும். ஹவாயில் காட்டுத்தீயைப் பெருக்கிய புல் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. "இரண்டும் ஒன்றுதான் சார்" என்று நர்சரியில் சொன்னாலும் பச்சை ரகத்தை வாங்காதீர்கள்.

பாம்பாஸ் வேண்டாம். இரண்டு ஆள் அகலத்துக்குப் புதர் கட்டும், இலை விளிம்பு அரம் போலக் கையை அறுக்கும். 3 சென்டில் நடைபாதையும் வேண்டும், பிள்ளைகளும் ஓடும். கலிஃபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் அதைக் களையாக அறிவித்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நடும் காலம் புரட்டாசி கடைசி, ஐப்பசி முதல் வாரம். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்திலேயே வேர் இறங்கிவிடும். தை, மாசியில் நட்டால் கோடையெல்லாம் நீங்கள்தான் ஊட்டி வளர்க்க வேண்டும்.

"தண்ணீரே வேண்டாம்" என்பது இரண்டாம் ஆண்டிலிருந்துதான் ஓரளவுக்காவது பொருந்தும். முதல் இரண்டு வாரம் மழை இல்லாத நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று மாதம் வாரம் ஒருமுறை, அதன்பின் முதல் கோடை முழுக்கப் பத்து நாளைக்கு ஒருமுறை குத்துக்கு 15 லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் புல்தரை சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் குடிப்பதாக வைத்தாலும் 3 சென்டுக்கு 600 லிட்டர், பத்து நாளைக்கு 6,000. ஒரு சின்ன லாரி. இங்கே 60 குத்து வைத்தால் பத்து நாளைக்கு 900 லிட்டர் போதும்.

உரம் என்று ஆசைப்பட்டு யூரியா போட்டுவிடாதீர்கள். தண்டு கொழுத்து, முதல் காற்றிலேயே நடுவில் பிளந்து படுத்துவிடும். குழிக்கு ஒரு கிலோ மட்கிய தொழு உரம், அதுவும் நடும்போது மட்டும்.

கொறங்காட்டுப் புல் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரிங்க. ஆனா நம்ம மண்ணுக்கே உரிய ஒண்ணு விட்டுப்போச்சு: கொழுக்கட்டைப் புல். காங்கேயம் பக்கம் கொறங்காட்டில் வெள்வேல் மரத்தடியில், கிளுவை வேலிக்குள்ள, மாடு மேயறதுக்காகத் தலைமுறை தலைமுறையா நிக்கிற புல்லுங்க இது. மழையை மட்டும் நம்பித்தான் நிக்குது. ஒண்ணரை அடியிலிருந்து மூணடி வரைக்கும் வளரும். மழை பெஞ்ச மூணு, நாலு வாரத்தில் விரல் நீளத்துக்கு ஊதாப் பழுப்புக் கதிர் தள்ளும். காலை வெயில் பின்னாலிருந்து பட்டா, அந்தப் பஞ்சு மயிரெல்லாம் ஒளி பிடிச்சு நிக்கிற அழகுக்கு ஃபவுண்டன் ஒண்ணும் ஒசத்தி இல்லைங்க. ரெண்டும் பங்காளிதான். ஃபவுண்டன் புல்லையும் இப்போ தாவரவியலில் கொழுக்கட்டையோட சென்க்ரஸ் பேரினத்துக்குள்ளேயே சேர்த்துட்டாங்க.

விதைக்கும்போது நாலு தப்பு நடக்கும்.

புது விதை வாங்கிப் போட்டா முளைக்காது, உறக்கத்தில் இருக்கும். அறுவடை பண்ணி ஆறெட்டு மாசம் ஆன விதையாப் பாத்துக் கேளுங்க. அவசரம்னா பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் கரைச்சு ரெண்டு நாள் ஊறவெச்சு, நிழலில் உலர்த்திப் போடலாம்.

விதை பஞ்சு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், கையால் தூவினா ஒரே இடத்தில் குமியும். ஒரு பங்கு விதைக்கு நாலஞ்சு பங்கு ஈரமணல் பிசறித் தூவுங்க.

ஆழமாப் புதைக்கக் கூடாது. ஒரு செ.மீ.க்குக் கீழே போனா முளை மேல வராது. கரிசலில் மழைக்கப்புறம் மேல்மண் ஓடு கட்டும், அதுவும் முளையை அமுக்கிடும். அதனால உங்களுக்கு நேரா விதைக்கிறதை விட, தட்டில் நாத்து விட்டு 30, 40 நாளில் எடுத்து நடறதுதான் நான் சொல்ற வழி. குத்துக்குக் குத்து 45–50 செ.மீ.

நாலாவது, அருகம்புல். கொழுக்கட்டைத் தூருக்குள்ள அருகு நுழைஞ்சுட்டா பிரிச்செடுக்கவே முடியாது. நடறதுக்கு முந்தியே கோரைக் கிழங்கையும் அருகு வேரையும் கொத்திப் பொறுக்கிடுங்க. பழைய புல்தரை ஓரத்தில் அருகு இருந்தே தீரும். பங்குனி, சித்திரையில் ரெண்டு தடவை கொத்திப் புரட்டி வெயிலில் காயப் போட்டா பெரும்பகுதி சாகும்.

இதுவும் விதை உதிர்த்துப் பக்கத்தில் முளைக்குமுங்க. ஆஸ்திரேலியாவில் இதையே களைன்னு திட்டறாங்க. இங்க சொந்த மண்ணுப் புல், மாடு ஆடு விரும்பித் தின்னும். அதனாலயே உங்களுக்கு ஒரு வேலை இருக்கு: வெளிக்கேட்டைச் சாத்தி வைக்கணும்.

சொட்டுநீர் எழுதியது:

1,800 டி.டி.எஸ். என்பது மின்கடத்துத்திறனில் (உப்பை அளக்கும் இன்னொரு வழி) மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2.8 டெசிசீமன்ஸ். வெட்டிவேருக்கு இது ஒன்றுமே இல்லை, கொழுக்கட்டையும் சமாளிக்கும். பர்ப்பிள் ஃபவுண்டனில் இலை நுனி கருகும், ஆனால் செத்துப்போகாது. இந்தத் தண்ணீரை ஸ்பிரிங்க்ளரில் இலை மேல் தெளிக்கவே கூடாது. துளி காயும்போது உப்பு இலையிலேயே தங்கி அந்த இடம் பொசுங்கும்.

குத்துக்கு மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் இரண்டு, தூரடியிலிருந்து ஒரு சாண் தள்ளி எதிரெதிராக. இரண்டு மணி நேரம் ஓட்டினால் 16 லிட்டர். தினமும் பத்து நிமிடம் ஓட்டுவது இந்தத் தண்ணீருக்குக் கெடுதல். மேல்மண் மட்டும் நனையும், உப்பு அங்கேயே படியும், வேரும் மேலேயே நின்றுவிடும்.

பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. சொட்டு நனைக்கும் வட்டத்தின் ஓரத்தில் வெள்ளை வளையமாக உப்புப் பூத்திருக்கும். கோடை முடிந்து முதல் தூறல் விழும்போது, அந்த உப்பு கரைந்து உள்ளே வேர்ப்பக்கம் இறங்கும். நல்ல மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும், ஆபத்து அரைகுறைத் தூறலில்தான். அதனால் முதல் தூறல் அன்று "மழைதான் வந்துவிட்டதே" என்று நிறுத்தாமல் சொட்டை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளிருந்து வெளியே போகும் நீரோட்டம் உப்பைத் திரும்ப வரவிடாது.

இலை மஞ்சளானால் உடனே உரக்குறை என்று முடிவு கட்டாதீர்கள். இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் அது இரும்புக் குறை. சுண்ணாம்புள்ள கரிசலில் சகஜம். ஃபெரஸ் சல்ஃபேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், முடிந்தால் மழைத்தண்ணீர். மாலையில் தெளித்து, பத்து நாள் விட்டு இன்னொரு முறை. அடி இலைகள் மட்டும் முழுதாக மஞ்சளானால் கதை வேறு, வேர் மூச்சு முட்டுகிறதா என்று முதலில் தோண்டிப் பாருங்கள்.

கரிசல்வீடு கேட்டது:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. பாம்பாஸை விட்டுவிட்டேன். வெட்டிவேர் 10, பர்ப்பிள் ஃபவுண்டன் 15, கொழுக்கட்டை 35 என்று கணக்கு வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். புல்லை எப்போது, எவ்வளவு உயரத்தில் வெட்டுவது? மேலே வெள்ளை மார்பிள் சிப்ஸ் பரப்பலாமா? வீட்டில் "புதர் வைத்தால் பாம்பு வரும்" என்று பயப்படுகிறார்கள், அதற்கு என்ன சொல்வது?

வேரும் மண்ணும் எழுதியது:

அந்தக் கணக்குக்கு, வெட்டிவேர் நீங்கலாக, மேட்டுப்பாத்தி சுமார் 21 சதுர மீட்டர் வரும். 30 செ.மீ. உயரத்துக்கு 6.3 கன மீட்டர், நம் கணக்கில் (100 கன அடி ஒரு யூனிட்) இரண்டேகால் யூனிட். பாதி உங்கள் வாய்க்கால் மண், படிந்து இறங்குவதையும் சேர்த்து வெளியிலிருந்து ஒன்றரை யூனிட் செம்மண் வாங்கினால் போதும்.

மார்பிள் சிப்ஸ் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல்தான், ஏற்கெனவே காரமான மண்ணை இன்னும் காரமாக்கும். வெயிலை எதிரொளித்து இலையின் அடிப்புறத்தையும் சுடும். 20 மி.மீ. கருங்கல் ஜல்லி அல்லது சரளை இரண்டு அங்குலம் போடுங்கள். தூரடியைச் சுற்றி நாலு விரல் இடம் மட்டும் வெறுமையாக இருக்க வேண்டும். வைக்கோல், சருகு மூடாக்கு இங்கே கரையானை அழைக்கும். ஜல்லி போடுமுன் ஒருமுறை களைக்கொத்தால் மேலாகக் கொத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கோடையில் வெடிப்பு விட்டு ஜல்லி உள்ளே விழுந்துவிடும். ஜல்லி இல்லாத இடங்களில் வெடிப்பு தெரிந்தவுடன் கொத்திப் புழுதியால் மூடுங்கள். வெடிப்பு வேரை இழுத்து அறுப்பதோடு, உள் ஈரத்தையும் ஆழத்திலிருந்து வெளியே விடும்.

வெட்டுவது ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில் மழைக்கு முன். குத்தின் இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு அதற்குக் கீழே வெட்டினால் கட்டாக அப்படியே தூக்கி எடுக்கலாம், சிதறாது. ஃபவுண்டனும் கொழுக்கட்டையும் 15 செ.மீ., வெட்டிவேர் 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அதற்கும் கீழே போனால் வளரும் குருத்தையே வெட்டிவிடுவீர்கள்.

கொறங்காட்டுப் புல் எழுதியது:

புரட்டாசி சரிதானுங்க, ஆனா எல்லாத்துக்கும் இல்லை. ரோட்டோர வேலியை ஒட்டின குத்துக்களை மாசியிலேயே வெட்டிடறது நல்லது. பங்குனி, சித்திரையில் காஞ்ச புல் ஒரு பீடித் துண்டுக்குப் பத்திக்கும். வெட்டினதும் தூரடி வெயிலில் சுடாம இருக்க, வெட்டின தாளிலேயே கொஞ்சம் மேலாப் போட்டு மூடி வெச்சு, ஒருக்கா நல்லா தண்ணி விடுங்க. கரையான் ஏறுதான்னு வாரம் ஒருக்கா கிளறிப் பாருங்க. உள்பக்கம் இருக்கறதைப் புரட்டாசி வரைக்கும் விடலாம், காஞ்ச கதிரும் பாக்க அழகுதானுங்க. சில்லை, தினைக்குருவி எல்லாம் வந்து விதை பொறுக்கும்.

பாம்பு விஷயம். வெட்டிவேர் வெச்சா, எலுமிச்சைப் புல் வெச்சா பாம்பு அண்டாதுன்னு சொல்றதை நம்பி இருக்காதீங்க. பாம்பு எலிக்காகவும் நிழலுக்காகவும்தான் வரும். வாசல், நடைபாதை ரெண்டிலிருந்தும் அஞ்சடிக்குள்ள குத்து வேண்டாம். தரையில் படுத்த அடி இலைகளை உருவி எடுத்துட்டா, குத்துக்கு அடியில் என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். குத்துக்கும் குத்துக்கும் நடுவில் ஜல்லித் தரை திறந்து கிடக்கட்டும். கைவிட்டுத் தூரைப் பிரிக்கிறதுக்கு முன்ன ஒரு கம்பால் தட்டிட்டு, கையுறை போட்டுக்கணும். கரிசல் காட்டில் சுருட்டை விரியன் உண்டு, அது சின்னது, கண்ணில் படாது.

வேரும் மண்ணும் எழுதியது:

வேலியோரத்துக்கு மாசி என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன், அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

கடைசியாகத் தூர் பிரிப்பது பற்றி. ஃபவுண்டன் இரண்டு, மூன்று ஆண்டில் நடுவில் பொக்கையாகி, சுற்றிலும் மட்டும் வளையமாகப் பச்சை நிற்கும். அது நோய் இல்லை, தூர் மூத்துவிட்டது. மழைக்கு முன் வெட்டிவிட்டு, கடப்பாரையால் சுற்றி நெம்பி முழுத் தூரையும் எடுங்கள். நடுவில் இருக்கும் காய்ந்த கட்டையைத் தள்ளிவிட்டு, ஓரத்துப் பகுதியை அரிவாளால் நாலு, ஐந்து சிம்பு உள்ள துண்டுகளாகப் பிளக்க வேண்டும். ஒற்றைச் சிம்பாகப் பிரித்தால் பாதி பிழைக்காது. இலையை ஒரு சாணுக்கும் வேரை நாலு விரலுக்கும் நறுக்கி, சாணிக் கரைசலில் முக்கி அன்றே நடுங்கள். தூரடி மண் மட்டத்துக்கு மேலே ஒரு விரல் தெரிய வேண்டும், மண் படிந்ததும் சரியாகிவிடும். பள்ளமாக நட்டால் முதல் மழையிலேயே சேறு மூடும்.

கோடையில் ஒரு குத்து முழுக்கப் பழுப்பாகிவிட்டால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். ஓரத்தில் ஒரு சிம்பைப் பிடித்து லேசாக இழுங்கள். கையோடு வந்து, அடி பழுப்பாகி ஊளை நாற்றம் அடித்தால் அது அழுகியது, எடுத்துவிட்டு அந்த இடத்து வடிகாலைப் பாருங்கள். வராமல் பிடித்துக்கொண்டிருந்தால், வெளிச்சருகை இரண்டு அடுக்கு உரித்துவிட்டு அடியை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரம் தெரிந்தால் உயிரோடு உறங்குகிறது. 15 லிட்டர் ஊற்றிவிட்டு மூன்று வாரம் பொறுங்கள்.